செல்காவின் சுண்டுவிரல்

காங்கேயம் அருகே
14.7.2024, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். தூக்கம் மட்டும் குறைவு. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? பெரியம்மாவின் முழங்கால் பரவாயில்லையா? பெரியப்பாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

விடுதியைச் சுற்றித் தேங்காய் உலர்த்தும் களங்கள். காற்று திரும்பினால் தலையணை, இயற்பியல் புத்தகம், தயிர்சாதம் எல்லாவற்றிலும் கொப்பரை வாசனை. நூற்றுப்பத்துப் பெண்கள் இருக்கிறோம். எல்லோரும் என்னைப் போல ஒருமுறை நீட் எழுதி மார்க் போதாமல் வந்தவர்கள். போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம், அலுவலக அறையிலிருந்து, வீட்டு எண்ணுக்கு மட்டும் பேசலாம். கடிதத்துக்குத் தடை இல்லை. இந்தக் காலத்தில் யார் எழுதப்போகிறார்கள் என்று தடை போட மறந்திருப்பார்கள். வார்டன் படித்துவிட்டுத்தான் தபாலில் சேர்ப்பார். (வணக்கம் மேடம்.)

விஷயத்துக்கு வருகிறேன். நான் எழுதும் ‘உப்பும் மேகமும்’ கதை முப்பத்தெட்டு அத்தியாயத்தோடு இணையத் தளத்தில் நிற்கிறது. இன்னும் மூன்று பாக்கி. ‘உப்புக் கோட்டை’ நாவல்களிலிருந்து உங்கள் ஓரினையும், ‘மேகத் துறை’ தொடரிலிருந்து என் செல்காவையும் ஒரே கப்பலில் ஏற்றி, நடுவானத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். மூன்று வருடமாகப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். முடித்துத் தருவேன் என்று எழுதியும் வைத்திருக்கிறேன். கடல்பூனை என்ற பெயரில் கமெண்ட் போடுகிறவர் இந்நேரம் ‘அடுத்தது எப்போ?’ என்று பத்து முறையாவது கேட்டிருப்பார். அந்த ஆளுக்கு அதைத் தவிர வேறு வாக்கியமே தெரியாது.

என் போன் அப்பாவிடம். என்னிடம் பிரதி எதுவும் இல்லை. எப்போதும் நேராகத் தளத்திலேயே தட்டிவிடுவேன், உங்களுக்குத் தெரியும். கடவுச்சொல் உங்களிடம் இருக்கிறது. நான் இங்கிருந்து எழுதி அனுப்புகிறேன். நீங்கள் தட்டி, வழக்கம்போல் படம் வரைந்து, ஏற்றிவிடுங்கள்.

விரல்களை எண்ணிக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் படத்தில் சுக்கானைப் பிடித்திருக்கும் செல்காவின் இடது கைக்குச் சுண்டுவிரல் போட மறந்தீர்களே, கடைசியில் மணிக்கட்டோடு படத்தை வெட்டி ஏற்றினோமே. அந்த விரல் எப்படிப் போனது என்று நமக்குள் ஒரு காரணம் வைத்துக்கொண்டோம். கதையில் நான் அதை எழுதவே இல்லை.

பதில் போடுங்கள்.

அன்புத் தங்கை,
ரித்திகா

*

கணபதி, கோவை
2.8.2024

அன்புக் கண்ணுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வேளைக்குச் சாப்பிடு. நாங்கள் மூவரும் நலம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான். ஆனால் மருதமலைப் படி ஏறினேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பாதிக்கு மேல் பஸ்.

பதில் தாமதமாகிவிட்டது. அச்சகத்தில் ஆடி வேலை. தள்ளுபடி நோட்டீஸ், மசாலா பாக்கெட் லேபிள். மல்லித்தூள் பாக்கெட்டுக்கு மல்லித்தழை வரைந்தேன். கீரை மாதிரி இருக்கிறது என்றார் முதலாளி. மாற்றினேன். இப்போது நிஜமாகவே கீரை மாதிரி இருக்கிறது. அதற்கு ஒப்புதல் கொடுத்துவிட்டார்.

எழுதி அனுப்பு. நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு சந்தேகம். ஓரினும் செல்காவும் முதலில் சந்திக்கும் இடத்துக்கு நான் வரைந்த படம் கையில் இருக்கிறது. துறைமேடை, குடை, ஓரின் முகத்தை மூடியிருக்கிறான். என்ன பேசிக்கொண்டார்கள் என்பது நினைவில் இல்லை. வரிக்கு வரி எழுதி அனுப்புவாயா? படத்தைத் திருத்தி வரையலாம் என்று இருக்கிறேன்.

ஜூனில் ஒருநாள் சித்தப்பா இங்கே வந்திருந்தார். நன்றாக இருக்கிறார். மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி வேலை அதிகமாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
பிரத்யுஷா

*

காங்கேயம் அருகே
18.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். லேசாகச் சளி. அங்கே எல்லோரும் சுகந்தானே?

உங்கள் கடிதத்தை வார்டன் என் கையில் தரவில்லை. அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். பெயர் பழனியாத்தாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத்தான் படிப்பார்.

“ஏனம்மணி, ஆரு இந்த ஓரின்?”

“கதையில வர்றவருங்க மேடம்.”

“எந்த ஊரு?”

“உப்புக் கோட்டைங்க.”

“தேனிப் பக்கமா?”

“இல்லீங்க. இது நாவல்ல வர்ற ஊருங்க. நெசத்துல இல்லீங்க.”

“ஊரும் இல்ல, ஆளும் இல்ல. பின்ன எதுக்கு மூஞ்சிய மூடிக்கறான்?”

சொன்னேன். உப்புக் கோட்டைக்காரர்கள் உப்பால் ஆனவர்கள். மழைத்துளி பட்டால் கரைவார்கள். செல்கா மேகத்தின் மேல் கப்பல் ஓட்டுகிறவள். இரண்டும் வேறு வேறு ஆட்கள் உருவாக்கிய கதை. இரண்டையும் சேர்த்து நான் ஒன்று எழுதுகிறேன், அக்கா அதற்குப் படம் வரைகிறாள், ரசிகர்கள் இப்படிச் செய்வது உலகம் முழுக்க வழக்கந்தான், காசுக்கு இல்லை என்றேன்.

“கரையற ஆள மேகத்துல ஏத்துனா நனைய மாட்டானா?”

“அதுதானுங்க கதையே.”

கடிதத்தைக் கொடுத்துவிட்டார்.

நீங்கள் கேட்டது ஏழாம் அத்தியாயம். தளத்தைத் திறந்தால் இருக்குமே. பரவாயில்லை, எனக்கு மனப்பாடம்.

‘குடைக்கு அனுமதி இல்லை’ என்றாள் செல்கா. ‘காற்று பிடித்தால் கப்பல் திசை மாறும்.’
‘குடை இல்லாவிட்டால் நான் பயணி இல்லை. மேடையில் ஒரு கறை.’
‘மேடையை நான் தினமும் கழுவுகிறேன்’ என்றாள்.

முப்பத்தொன்பது இதோடு வருகிறது. நான்கு பக்கம். மேடம் மடிப்புக் கலையாமல் வைத்தால் புண்ணியம்.

அன்புத் தங்கை,
ரித்திகா

*

கணபதி
9.9.2024

அன்புக் கண்ணுக்கு,

சளி விட்டதா? நாங்கள் நலம். சதுர்த்திக்கு அம்மா கொழுக்கட்டை செய்தாள். உனக்கு அனுப்பலாம் என்றாள். தின்பண்டம் விடுவதில்லை என்று சொன்னேன்.

முப்பத்தொன்பது நன்றாக இருக்கிறது. படம் வரைந்துவிட்டேன். கமெண்ட்டுகளைக் கையால் எழுதியிருக்கிறேன்.

நிலாக்கரை: ‘மேகத்தின் அடிப்பக்கம் மீன் செதில் போல இருக்கிறது. இந்தச் சாம்பல் நிறம் எப்படி வந்தது?’

பாலை23: ‘பாயில் ஒட்டுப்போட்டிருப்பதை யாராவது கவனித்தீர்களா? ஏழு ஒட்டு. ஒவ்வொன்றும் வேறு துணி.’

கடல்பூனை: ‘அடுத்தது எப்போ?’

மூன்றாம் அத்தியாயத்தில் மணிக்கூண்டுக்காரன் ஓரினிடம் என்ன கேட்கிறான்? பதினைந்தில் கப்பல் ஏன் ஒரு நாள் முழுக்க நிற்கிறது? இருபத்தொன்று எப்படித் தொடங்கும்? நேரம் கிடைக்கும்போது எழுது. படங்களை எல்லாம் வரிசைப்படுத்தி வைக்கிறேன். அதற்குத்தான்.

நன்றாகப் படி.

அன்புடன்,
பிரத்யுஷா

*

காங்கேயம் அருகே
6.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், சளி போய்விட்டது. உங்கள் எல்லோர் நலமும் அறிய வேண்டும். கொழுக்கட்டை பற்றிப் படித்த பிறகு இரண்டு நாள் அதே நினைப்பு.

கமெண்ட்டுகளை உயிரியல் நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். தாவரத் திசுக்கள் பாடத்தில். மாதிரித் தேர்வில் 512 வந்திருக்கிறது. போன மாதம் 470. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன். எழுத ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் மற்றதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

நீங்கள் கேட்ட மூன்றுக்கும் தனித்தாளில் பதில். ஆறு பக்கம் ஆகிவிட்டது. இருபத்தொன்றின் முதல் வரி மட்டும் சரியாக நினைவில்லை. ‘உப்பு விலையேறிய வருடத்தில்’ என்று தொடங்குமா, ‘மழை தவறிய வருடத்தில்’ என்றா? பார்த்துச் சொல்லுங்கள்.

நாற்பதும் அனுப்புகிறேன். கப்பல் மழை மேகத்துக்குள் போகிறது. சுற்றிப் போக எண்ணெய் இல்லை. கடைசி வரி இது: ‘முதல் துளி ஓரினின் மணிக்கட்டில் விழுந்தது. செல்கா பார்த்தாள். சுக்கானை விடவில்லை.’

இதைப் படித்துவிட்டு வார்டன் சாப்பாட்டுக் கூடத்திலேயே என்னை நிறுத்தினார்.

“கையி கரைஞ்சுபோச்சா?”

“அடுத்ததுல வருங்க மேடம்.”

“அடுத்தத இப்பவே எழுதேன்.”

“பாடம் இருக்குதுங்க.”

“அதும் செரிதான்” என்று ஒரு கரண்டி பொரியல் கூட வைக்கச் சொன்னார்.

நாற்பத்தொன்றில் அவன் கரைவதா, மிஞ்சுவதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. யாரிடமும் சொல்லாதீர்கள்.

தீபாவளிக்கு இரண்டு நாள் விடுகிறார்கள். காரமடை வீட்டுக்கு வாருங்கள். அப்பாவிடம் என் போனைக் கேட்கப் போவதில்லை. உங்கள் போனில் ஐந்து நிமிடம் தளத்தைக் காட்டுங்கள். என் கண்ணால் பார்த்தால் போதும்.

அன்புத் தங்கை,
ரித்திகா

*

கணபதி
25.10.2024

அன்புக் கண்ணுக்கு,

512 என்று சொன்னதும் அப்பா பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டார். நாங்கள் நலம்.

தீபாவளிக்கு வர முடியும் என்று தோன்றவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. அச்சகத்திலும் காலண்டர் வேலை தொடங்கிவிட்டது. உனக்கு எடுத்த சுடிதாரை அப்பா மூலம் அனுப்புகிறேன்.

நாற்பதுக்கு வந்தவை:

பாலை23: ‘மழை மேகத்தைக் கறுப்பாக வரையாமல் பச்சையாக வரைந்தது யாருடைய யோசனை?’

கடல்பூனை: ‘பன்னிரண்டாம் படத்தில் சுக்கானைப் பிடித்திருந்த அதே கை, அதே நான்கு விரல். சுண்டுவிரல் இல்லாத அந்தக் கையைத்தான் நான் முதலில் தேடுகிறேன். அடுத்தது எப்போ?’

இருபத்தொன்றின் முதல் வரி ‘மழை தவறிய வருடத்தில்’ என்றே இருக்கட்டும்.

பட்டாசு பக்கத்தில் போகாதே.

அன்புடன்,
பிரத்யுஷா

*

காங்கேயம் அருகே
17.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். பெரியம்மாவின் வீக்கம் வடிந்துவிட்டது என்று பெரியப்பா சொன்னார். வீங்கவே இல்லை என்று பெரியம்மா போனில் சொன்னார். எதுவானாலும் நலமாக இருந்தால் சரி. சுடிதார் அளவு சரியாக இருக்கிறது.

கடல்பூனை மூன்று வருடத்தில் எழுதிய மிக நீளமான கமெண்ட் அது. நான்கு நாள் சந்தோஷமாக இருந்தேன். ஐந்தாம் நாள் வேதியியல் வகுப்பில் ஒன்று தோன்றியது. பன்னிரண்டாம் படத்தை நாம் மணிக்கட்டோடு வெட்டி ஏற்றினோம். தளத்தில் அந்தக் கையே கிடையாது. இதைப் படிக்கும் மேடத்தை விட்டால், விரல் இல்லை என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

பிறகு எல்லாக் கமெண்ட்டையும் திரும்பப் படித்தேன். செதில், ஒட்டுத்துணி, பச்சை மேகம். எல்லாம் படத்தைப் பற்றி. முன்பு நம் வாசகர்கள் ஒருவர்கூடப் படத்தைப் பற்றி எழுதியதில்லை. உங்களுக்கும் தெரியும்.

அப்புறம், அந்த முதல் வரி. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ‘இருக்கட்டும்’ என்று எழுதியிருக்கிறீர்கள்.

தளத்தில் என்ன இருக்கிறது அக்கா?

ரித்திகா

*

காங்கேயம் அருகே
15.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் தெரியவில்லை. நான்கு வாரமாகத் தபால் இல்லை.

கேட்காமலே வார்டன் ஒரு காரியம் செய்திருக்கிறார். என் கடிதத்தைப் படித்தவர்தானே. இன்று காலை கூப்பிட்டார். அவருடைய போன் மேசை மேல் இருந்தது.

“கண்ணு, நீ சொன்ன பேரெல்லாம் போட்டுப் பாத்தேன். உப்பும் மேகமும். செல்கா. ஓரின்.”

“கெடைச்சுதுங்களா?”

“உப்புமா செய்யறது எப்படின்னு நாலு வந்துது.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“பக்கத்து ரூம் டீச்சரையும் உட்டுத் தேடச் சொன்னேன். அந்தத் தளம் இருக்குது. உம்பட கதை இல்ல, உம்பட பேரும் இல்ல. அப்படி ஒருத்தரு இல்லைன்னு வருதாம்.”

அவருடைய போனை வாங்கி நானே ஒருமுறை தட்டிப் பார்த்தேன். அனுமதி கேட்கவில்லை. அவரும் தடுக்கவில்லை.

முப்பத்தெட்டு அத்தியாயம். என்ன ஆனது என்று மட்டும் எழுதுங்கள்.

ரித்திகா

*

கணபதி
3.1.2025

கண்ணு,

நலமாக இரு. இங்கே யாருக்கும் உடம்புக்கு எதுவும் இல்லை. அம்மாவின் முழங்கால் வீங்கியதாக எழுதியது பொய்.

நீ விடுதிக்குப் போன மறுவாரம், ஜூன் இருபது, சித்தப்பா வந்தார். அம்மா கொடுத்த மோரைத் தொடவில்லை. உன் போனை மேசைமேல் வைத்தார்.

“அம்மணி, இந்தப் பழக்கத்த அவளுக்கு உண்டாக்குனது நீ. நீயே எடுத்துப்போடு.”

“எதைங்க சித்தப்பா?”

“இதுல கெடக்கற அத்தனையும்.”

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். திரையில் இரண்டு பொத்தான் இருந்தது. ஒன்று உன் கணக்கை மறைத்து வைக்க, ஒன்று கணக்கையே அழிக்க. சித்தப்பாவுக்கு வித்தியாசம் தெரியாது. மறைத்துவிட்டு, அழித்தாயிற்று என்று சொல்லியிருக்கலாம். நான் அழிப்பதை அழுத்தினேன். நிச்சயமா என்று கேட்டது. ஆம் என்று கொடுத்தேன்.

ஏன் என்று ஆறு மாதமாக யோசிக்கிறேன். பாதி பயம். மீதி நீ கண்டுபிடித்ததுதான். முப்பத்தெட்டுப் படம் வரைந்தேன். அச்சகத்தில் சாப்பாட்டு நேரத்தில், ஒரு கையில் டப்பாவோடு. ஒரு ஆள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒவ்வொரு கமெண்ட்டையும் நீ படித்துக் காட்டுவாய். நானும் உன்னோடு சேர்ந்து சந்தோஷப்படுவேன். அழித்தபோது ஒரு நிமிடம் லேசாக இருந்தது. சித்தப்பா வாசல் தாண்டும் முன்பே அது போய்விட்டது.

இன்னொன்று இருக்கிறது. இதை எழுதத்தான் இத்தனை நாள். அழித்ததை முப்பது நாளுக்குள் திரும்ப எடுக்கலாம் என்று அதே திரையில் எழுதியிருந்தது. உன் முதல் கடிதம் ஜூலை பதினேழாம் தேதி வந்தது. மூன்று நாள் மிச்சம். கடிதத்தைப் படித்து மேசை டிராயரில் வைத்தேன். ஆகஸ்டு இரண்டில் உனக்குப் பதில் எழுதினேன். அதற்கு மறுநாள் தளத்துக்கு எழுதிக் கேட்டேன். முடியாது என்று வந்தது.

உன்னிடம் கேட்டு வாங்கியதை வைத்து அத்தியாயங்களைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆறு ஆயிற்று. நன்றாக இல்லை. என் கையில் செல்கா அச்சக முதலாளி மாதிரி பேசுகிறாள். கமெண்ட்டுகள் எல்லாம் நான் எழுதியவை. நீ தொடர்ந்து எழுத வேண்டும் என்று எழுதினேன். பிறகு எனக்காகவும் எழுதிக்கொண்டேன் போல.

சாப்பிடு. மார்கழிக் குளிர், காதை மூடிக்கொள்.

பிரத்யுஷா

*

காங்கேயம் அருகே
2.2.2025

அக்காவுக்கு,

நலம். பெரியப்பா பெரியம்மா நலம் என்று அப்பா சொன்னார்.

கடிதத்தை நான்கு முறை படித்தேன். அப்பா உட்கார்ந்திருக்கும்போது யாராக இருந்தாலும் அழுத்தியிருப்பார்கள். அது புரிகிறது. படத்தைப் பற்றி யாரும் பேசாததில் எனக்கும் பங்கு உண்டு. ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் ‘படம்: அக்கா’ என்று போட்டேன். உங்களுக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதைப் போடவில்லை.

ஆனால் அந்த மூன்று நாள் புரியவில்லை. அப்போது அப்பா அங்கே இல்லை.

நீங்கள் எழுதிய ஆறு அத்தியாயம் எனக்கு வேண்டாம். இனிமேல் சந்தேகம் கேட்காதீர்கள். நாற்பத்தொன்றை நான் எழுதப் போவதில்லை. மே நான்காம் தேதி தேர்வு. அதுவரை எனக்குக் கடிதம் போட வேண்டாம்.

ரித்திகா

பிரத்யுஷா அம்மணிக்குப் பழனியாத்தாள் எழுதிக்கறது. இந்தப் புள்ள ஒழுங்கா சாப்புடுது, ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. அடுத்தவங்க கடுதாசிக்குக் கீழ எழுதறது தப்புத்தான். படிக்கறதும் தப்புத்தான், ஆனா அது எம்பட வேலை. கதை நாப்பதோட நின்னுபோச்சு. அந்த ஆளு கரைஞ்சானா இல்லையா? இவளக் கேட்டா உப்பு எத்தன டிகிரில உருகும்னு சொல்லுது. நீயாச்சும் சொல்லு.

*

கணபதி
23.3.2025

மதிப்புக்குரிய பழனியாத்தாள் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். ரித்திகா தனக்கு எழுத வேண்டாம் என்றதால் உங்களுக்கு எழுதுகிறேன். இதைத் தேர்வு முடியும்வரை அவளிடம் காட்ட வேண்டாம்.

நீங்கள் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. எழுதுகிறவள் அவள்.

போன வாரம் மேட்டுப்பாளையம் போனேன். சித்தப்பா மண்டியில் பாக்கைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே மூட்டைமேல் உட்கார்ந்தேன்.

“சித்தப்பா, நீங்க எடுக்கச் சொன்னீங்க. மறச்சு வெக்கறதுக்கும் வழி இருந்துச்சுங்க. நாந்தான் அழிச்சுப்போட்டேன்.”

“ரெண்டும் வேற வேறயா?”

“வேறீங்க.”

ஒரு பாக்கை எடுத்துப் புரட்டினார்.

“எத்தன பக்கம் இருந்துது?”

“அச்சுல போட்டா நானூறு வருமுங்க.”

“நானூறா? அவளா எழுதுனா?”

“அவதானுங்க.”

“இந்தக் கதைய எனக்கு ஒருத்தரும் சொல்லவே இல்லையே” என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். பஸ் ஏற்றிவிட வந்தார்.

இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். பன்னிரண்டாவது. செல்கா சுக்கானைப் பிடித்திருக்கிறாள். தளத்தில் போட்டது வெட்டிய படம், இது முழுப்படத்தின் நகல். உங்களுக்குத்தான்.

அவளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணிவுடன்,
பிரத்யுஷா

*

காரமடை
11.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் நலமா? பெரியம்மாவின் முழங்கால் நிஜமாகவே எப்படி இருக்கிறது?

தேர்வு எழுதிவிட்டேன். இயற்பியல் இழுத்துவிட்டது. மார்க் வரும்போது வரட்டும்.

கிளம்பும் அன்று வார்டன் உங்கள் கடிதத்தைக் கொடுத்தார். ஒன்றரை மாதம் பீரோவில் பூட்டி வைத்திருந்திருக்கிறார். படத்தைத் தரவில்லை. “இது எனக்கு வந்தது” என்று சொல்லிவிட்டார். அலுவலக அறையில், வருகைப் பதிவேடு மாட்டும் ஆணிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தார். பிறகு செல்காவின் கையைத் தொட்டுக் காட்டி, “வெரல் எங்க போச்சு?” என்று கேட்டார்.

“கயித்துல சிக்கிப் போயிருச்சுங்க.”

“நீ எழுதுனதுல அது இல்லையே. நான் மொதல்ல இருந்து படிக்கறேன்.”

“எழுதலீங்க மேடம்.”

“எழுதாம உட்டா எப்படித் தெரியும்? படத்துல இருக்குதல்ல?”

அப்பா அழைத்துப் போக வந்திருந்தார். மூட்டையோடு வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். பஸ் பல்லடத்தைத் தாண்டியது. பிறகு, “ஆரு அந்தப் புள்ள, வெரல் இல்லாதது?” என்றார். சொன்னேன். காரமடை வரும்போது பதினாலாம் அத்தியாயத்தில் இருந்தோம். இறங்கும்போது போனைக் கையில் கொடுத்தார்.

போன் இருந்தும் இதைக் காகிதத்தில்தான் எழுதுகிறேன். இதை நீங்கள் டிராயரில் வைக்கலாம், அழிக்க முடியாது.

அந்த மூன்று நாளை நான் மறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. நீங்கள் அப்பாவிடம் போனது தெரியும். அதுவும் மறக்காது. இரண்டும் இருக்கும்.

முப்பத்தெட்டுப் படங்களும் உங்களிடம் இருக்கின்றன. அனுப்புங்கள். அவற்றைப் பார்த்து முதலிலிருந்து எழுதுகிறேன். பழையது போல வராது. படத்தில் இருப்பதை எல்லாம் எழுதுவேன். பாயின் ஏழு ஒட்டும் வரும். பெயர் மேலே வரும், உங்களுடையது முதலில், முழுப்பெயராக.

நாற்பத்தொன்றுக்கு மட்டும் படம் இல்லை. அதை நீங்கள் முதலில் வரையுங்கள். மேடையில் ஓரின் நின்றால் நிற்கட்டும். உப்பு மட்டும் கிடந்தால் அதுவும் சரி. நான் எதையும் மாற்றமாட்டேன், ஏன் என்றும் கேட்கமாட்டேன். என்ன வருகிறதோ அதை எழுதி, முதல் பிரதியைக் காங்கேயத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஒருவர் மூன்று மாதத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

செல்காவின் இடது கையில் நான்கு விரல். கை முழுக்கத் தெரியட்டும். வெட்டாமல் அனுப்புங்கள்.

உங்கள் தங்கை,
ரித்திகா